கேள்வியோடு போங்கள்: கொழும்பில் விஞ்ஞானத்தைக் கையால் பழக ஒரு வழிகாட்டி

கொழும்பில் நூதனசாலைக்குப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் போகின்றன. காலையில் ரிக்கற், பத்து மணிக்குள் கீழ்த்தளம் முழுக்க ஓட்டம், பதினொன்றுக்குப் பிள்ளைக்குக் கால் நோவு, பன்னிரண்டுக்கு ஐஸ்கிறீம். வீட்டுக்கு வந்து என்ன பார்த்தாய் என்று கேட்டால் "நிறைய" என்று பதில் வரும். நான் சொல்லப்போவது இதற்கு நேர்மாறான வழி. முதலில் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அதில் ஒரு கேள்வி கிளம்பட்டும். அந்தக் கேள்வியோடு போய், ஒரு கூடத்தில் ஒன்றிரண்டு பொருட்களை மட்டும் ஆறுதலாகப் பாருங்கள். மிச்சம் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த மாதம் பார்க்கலாம்.

பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. தரம் 6 அளவில் படிக்கும் பிள்ளைகளுக்கும், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கசந்துபோன பெரியவர்களுக்கும் இது சரிவரும்.

முதல் படி: வீட்டுக்குள்ளேயே ஒரு கேள்வி தேடுங்கள்

குசினியில் தொடங்குவதுதான் சுலபம். நுவரெலியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெள்ளவத்தையில் அதே எண்ணெய் வருடம் முழுக்கத் தண்ணீர் மாதிரி ஓடும். ஏன்? தேங்காய் எண்ணெய் உறைவதும் உருகுவதும் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில். கொழும்பின் சராசரி வெப்பநிலை அதற்கு மேலே, நுவரெலியாவில் அதற்கு வெகு கீழே. நீங்களே பார்க்க வேண்டுமென்றால் ஒரு சின்னப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறையவிட்டு, வெளியே எடுத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் மணிக்கூட்டையும் வையுங்கள். எங்கே முதலில் உருகத் தொடங்குகிறது, ஓரத்திலா நடுவிலா என்று கவனியுங்கள்.

கேள்வி இப்படி இருக்க வேண்டும்: அளந்தோ பார்த்தோ விடை காணக்கூடியதாக. "பிரபஞ்சம் ஏன் இருக்கிறது" என்பது நல்ல கேள்விதான், ஆனால் சனிக்கிழமை காலைக்கு ஆகாது.

ஒரு கொப்பி ஒதுக்கிவிடுங்கள். செய்வதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள், பிறகு நடந்ததை எழுதுங்கள். முன்கூட்டியே எழுதுவதுதான் முக்கியம். எழுதாவிட்டால், முடிவு வந்த பிறகு எல்லாருமே "இது எனக்கு முன்னமே தெரியும்" என்பார்கள், பிள்ளைகளை விடப் பெரியவர்கள் கூடுதலாக.

சாமான்கள்

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று, மூடியுள்ள ஜாம் போத்தல்கள் ஐந்து, நூல், அளவு நாடா, ஒரு நல்ல காந்தம். சிறிய மின் சாமான்கள் தேவைப்பட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றினாலே போதும். விஞ்ஞானப் பெட்டி என்று பெரிய விலைக்கு விற்பதை வாங்க வேண்டாம். அவற்றில் பாதிக்கு மேல் அப்பச்சோடாவும் வினாகிரியும் கலக்கும் எரிமலைதான். ஒரு தரம் செய்து சிரிக்கலாம், அவ்வளவுதான்.

ஆணியில் தொடங்கி வாளில் முடிக்கும் முதல் சுற்று

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய வீடுகளின் யன்னல் கம்பிகளைப் பாருங்கள். பெயின்ற் பூசிக் கொஞ்ச நாளிலேயே கொப்பளித்துத் துரு எட்டிப்பார்க்கும். பொரளைப் பக்கம் அதே கம்பி பல வருடம் தாக்குப்பிடிக்கும்.

ஹாட்வெயார் கடையில் நாகம் (துத்தநாகம்) பூசாத சாதாரண இரும்பு ஆணி கேட்டு வாங்குங்கள். பளபளவென்று வெள்ளியாக மின்னுவது நாகம் பூசியது, அது இதற்கு உதவாது. வாங்கிய ஆணிகளை சேண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, இப்படி வையுங்கள்:

1. முதல் போத்தலில் ஆணி மட்டும். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொதியையும் போட்டு இறுக மூடுங்கள்.
2. இரண்டாவதில் ஆணி பாதி மூழ்கும் அளவுக்குக் குழாய்த் தண்ணீர். மூடி வேண்டாம்.
3. மூன்றாவதில் அதே அளவு கடல் தண்ணீர்.
4. நான்காவதில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் ஆணியை முழுக்க மூழ்கவிட்டு, மேலே ஒரு படை எண்ணெய் ஊற்றி மூடுங்கள். கொதிக்கவைக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று போய்விடும், எண்ணெய் புதுக்காற்றை உள்ளே விடாது.
5. ஐந்தாவதில் கடல் தண்ணீர்தான், ஆனால் ஆணியில் செப்புக் கம்பியை இறுகச் சுற்றிவிடுங்கள்.

ஒரு கிழமை விடுங்கள். நாளுக்கு ஒரு படம் கைப்பேசியில், ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தில். முதலாவதும் நான்காவதும் ஏறக்குறைய வைத்தபடியே இருக்கும். துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், ஒட்சிசனும் வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் வேலை நின்றுவிடும். கடல் தண்ணீரில் வேகம் கூடுவதற்குக் காரணம் உப்பு. துருப்பிடித்தல் ஒரு மின்வேதியியல் வேலை, உப்புத் தண்ணீர் மின்னை நன்றாகக் கடத்தும். ஐந்தாவது போத்தல்தான் சுவாரசியம்: செம்பு தொட்டுக்கொண்டிருக்கும் ஆணி இன்னும் மோசமாக அரிபடும். செம்பு தப்பிக்கும், பழி முழுக்க இரும்பின் தலையில். இதையே தலைகீழாகப் பயன்படுத்தித்தான் கப்பல்களின் அடியில் நாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். அங்கே நாகம் கரையும், இரும்பு தப்பும். கூரைத் தகரத்துக்கு நாகம் பூசுவதும் இதே கணக்கில்தான்.

இப்போது நூதனசாலைக்குப் போகலாம். கொழும்பு தேசிய நூதனசாலை 1877இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் திறக்கப்பட்டது. விகாரமகாதேவி பூங்காவுக்கும் பொது நூலகத்துக்கும் பக்கத்திலேதான் இருக்கிறது. திறக்கும் நாளையும் நேரத்தையும் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பொது விடுமுறை நாட்களில். படம் எடுக்கலாமா என்று வாசலில் கேளுங்கள். எடுக்க விட்டாலும் ஃபிளாஷ் போட வேண்டாம்.

உள்ளே போனதும் இரண்டு விடயங்களை மட்டும் தேடுங்கள்: பழைய இரும்பு, பழைய வெண்கலம். வாள்கள், ஆயுதங்கள் இருக்கும் பக்கம் இரும்பின் மேற்பரப்பைப் பாருங்கள். எங்கே குழி விழுந்திருக்கிறது, எங்கே செதில் செதிலாக உரிந்திருக்கிறது? பிறகு பொலன்னறுவையில் கண்டெடுத்த சைவ வெண்கலப் படிமங்களுக்கு முன்னால் போய் நில்லுங்கள். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் முகத்தில் மூக்கும் விழியும் அப்படியே. வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. அதன் மேல் உருவாகும் பச்சையோ கறுப்போ ஆன படை ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்புத் துரு அப்படி இல்லை. அது ஊதிப் பெருத்து உரிந்து விழும், புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். வீட்டில் போத்தலில் பார்த்த பிள்ளைக்கு இது புரிய ஒரு நிமிடம் போதும். பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் சாமி சிலை.

அங்கேயே நடராசர் வடிவத்தையும் கவனியுங்கள். ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கி நிற்கும் உருவம் ஏன் விழுவதுபோலத் தெரியவில்லை? வீட்டுக்கு வந்து ஒரு நடராசர் படத்தைக் கடதாசி அட்டையில் ஒட்டி ஓரத்தோடு வெட்டுங்கள். மேல் விளிம்பில் ஓர் இடத்தில் ஊசி குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியில் நூலில் கட்டிய நட்டு ஒன்றையும் தொங்கவிடுங்கள். நூல் விழும் கோட்டை வரையுங்கள். வேறோர் இடத்தில் குத்தி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளிதான் அட்டையின் புவியீர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் ஊன்றிய பாதத்தில் விழுகிறதா, விலகுகிறதா?

இரும்பைப் பற்றி இன்னொன்று. தென்மேற்குப் பருவக்காற்று, நம் ஆட்கள் சோழகம் என்று சொல்வது, காலிமுகத்திடலில் பட்டம் ஏற்ற மட்டும் உதவியதல்ல. சமனலவெவப் பகுதி மலைச்சரிவுகளில் 7ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரை அந்தக் காற்றின் பலத்திலேயே உலை மூட்டி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அகழ்ந்து ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். துருத்தி ஊத ஆள் தேவைப்படாத உலை. ஜூன், ஜூலையில் காலிமுகத்திடலில் நின்று சட்டை படபடக்கும்போது பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

(கேள்வியோடு சம்பந்தமில்லாவிட்டாலும், அந்த நூதனசாலையை விட்டு வெளியே வருமுன் காலி மும்மொழிக் கல்வெட்டைப் பாருங்கள். 1409இல் சீன நாட்டில் மூன்று மொழிகளில் பொறித்தது: சீனம், பாரசீகம், தமிழ். கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.)

குத்துவிளக்கின் அடர்த்தி

இது எனக்கு மிகவும் பிடித்த குசினிச் சோதனை. பொருளின் கனவளவை அளக்க அளவுச்சாடி தேவையில்லை, தராசு போதும். பித்தளைக் குத்துவிளக்கின் மேல் துண்டைக் கழற்றி நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். விளக்குத் துண்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல், ஆனால் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்படி பிடியுங்கள். தராசு இப்போது ஒரு எண் காட்டும். நீங்கள் கையால் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள், பிறகு எங்கிருந்து அந்தப் பாரம்? தண்ணீர் துண்டை மேல்நோக்கித் தள்ளுகிறது, துண்டு தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த எண் கிராமில் எவ்வளவோ, துண்டின் கனவளவு மில்லிலீற்றரில் அவ்வளவு.

உதாரணத்துக்கு: துண்டு 255 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 30. வகுத்தால் 8.5. பித்தளையின் அடர்த்தி அங்கேதான் இருக்கிறது. அலுமினியம் என்றால் 2.7க்குக் கிட்ட வரும். நகையைச் சோதிக்கலாமா என்று உடனே கேட்பீர்கள். ஒரு பவுண் என்பது 8 கிராம், 22 கரட் தங்கத்தில் அது அரை மில்லிலீற்றர்கூட வராது. ஒரு கிராம் வரைக்கும்தான் காட்டும் குசினித் தராசு அங்கே கையை விரித்துவிடும். செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர் உரைகல்லில் உரசிப் பார்ப்பதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோசமாகக் காட்டுவார்கள், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் போனால்.

அலகுகளும் மணலும்

இயற்கை வரலாற்று நூதனசாலை தேசிய நூதனசாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 1986இல் திறந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசை வரும். வேண்டாம். அங்கே போவதற்கு முதல் நாள் வீட்டில் ஒரு விளையாட்டு: ஒரு தட்டில் அரிசி, ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்ட கடுகு, கொஞ்ச நூல் துண்டுகள், உடைக்கக் கொஞ்சம் நிலக்கடலை. கையில் சாமணம், கரண்டி, கிடுக்கி, உறிஞ்சு குழாய். ஒரு நிமிடத்தில் எந்தக் கருவி எதை அதிகம் எடுக்கிறது என்று எண்ணுங்கள். மறுநாள் நூதனசாலையில் பாடம் செய்து வைத்த பறவைகளின் அலகுகளை மட்டும் பாருங்கள், பெயர்ப்பலகையை வாசிக்காமல். இது எதைத் தின்னும் என்று ஊகித்துவிட்டுப் பிறகு வாசியுங்கள். உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்கள் இருக்கின்றன. 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. காலை ஏழு மணிக்கு முன் போனால்தான் பறவை. பிறகு நடைபயிற்சிக்காரர்கள்தான்.

மணலுக்கு எந்தக் கட்டிடமும் தேவையில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் அலை திரும்பிய பிறகு மணலில் கறுப்பாகக் கோடு தெரியும் இடத்திலிருந்து ஒரு பிடி எடுங்கள். நன்றாக வெயிலில் காயவைத்து, காந்தத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு மணலில் உழுங்கள். பையின் வெளியே கறுப்பு மயிர் முளைத்ததுபோல் துகள்கள் நிற்கும். காந்தத்தைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தால் அவை தாமாகக் கொட்டும். பை இல்லாமல் செய்தால் காந்தத்தைத் துப்புரவாக்கவே ஒரு நாள் போய்விடும். இந்தக் கறுப்பு மணலின் பெரிய படிவு புல்மோட்டையில் இருக்கிறது. அதிலுள்ள இல்மனைற் என்ற கனிமத்திலிருந்து எடுக்கும் தைத்தானியம் ஈரொட்சைட்டுதான் வெள்ளைப் பெயின்ற்றுக்கு வெள்ளை நிறம் கொடுப்பது. கறுப்பிலிருந்து வெள்ளை.

உங்கள் நட்சத்திரத்தை நீங்கள் பார்த்ததுண்டா?

சாதகத்தில் எல்லாருக்கும் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிறோம். அதை வானில் காட்டு என்றால் பெரும்பாலானோர் முழிப்பார்கள். இங்கிருந்து தொடங்குவது சுலபம். தை, மாசி மாதங்களில் கொழும்பு வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முன்னிரவில் கார்த்திகை ஒரு சின்னக் கொத்தாகத் தெரியும், நகர வெளிச்சத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் செம்மஞ்சளாக ரோகிணி, அதற்குக் கிழக்கே சிவப்பாகத் திருவாதிரை. சித்திரை, வைகாசியில் நீலவெள்ளையாகச் சித்திரையும் செம்மஞ்சளாகச் சுவாதியும். நிறம் சும்மா வரவில்லை. சிவந்த விண்மீனின் மேற்பரப்பு வெப்பம் குறைவு, நீலவெள்ளைக்கு அதிகம்.

இரண்டு மூன்றை அடையாளம் கண்ட பிறகு கோள்மண்டலத்துக்கு (பிளானற்றேரியம்) போங்கள். 1965இல் கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டிய தாமரை மொட்டு வடிவக் கட்டிடம், பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கவின் வடிவமைப்பு. தமிழில் காட்சி எந்த நாள் என்று முதலிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். உள்ளே இருட்டியதும் நகர வெளிச்சம் இல்லாத வானம் தலைக்கு மேல் வரும். உங்கள் நட்சத்திரத்தை அதில் தேடுங்கள்.

போயா நாளில் மாலை ஆறு மணிக்குக் காலிமுகத்திடலில் நில்லுங்கள். சூரியன் கடலில் இறங்கும் நேரம் திரும்பிப் பார்த்தால், கட்டிடங்களுக்குப் பின்னாலிருந்து நிலா எழத் தொடங்கியிருக்கும். நடுவில் நாம். பௌர்ணமி என்றால் என்ன என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கொழும்பும் யாழ்ப்பாணமும் சேர்ந்து பூமியை அளப்பது

வருடா வருடம் ஏப்ரல் 5 முதல் 15 வரை "சூரியன் உச்சம் கொடுக்கும்" என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். எல்லாரும் வெயிலைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அது வருடத்தின் மிக நல்ல சோதனை நாள். கொழும்புக்கு அது ஏப்ரல் 7ஐ ஒட்டி, நண்பகல் 12.12 அளவில். அந்த நேரம் நிமிர்த்தி வைத்த கம்புக்கு நிழல் இருக்காது.

யாழ்ப்பாணம் கொழும்புக்கு ஏறத்தாழ நேர் வடக்கே, சுமார் 300 கிலோமீற்றர். அங்கே சொந்தக்காரர் இல்லாத கொழும்புத் தமிழர் குறைவு. அவர்களைக் கேட்டு, கொழும்பில் நிழல் மறையும் அதே நாள், அதே நேரம், ஒரு மீற்றர் கம்பின் நிழலை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். 4.8 சென்ரிமீற்றரை ஒட்டி வரவேண்டும். அதாவது நிழல் கம்பின் நீளத்தில் 0.048 பங்கு. 300 கிலோமீற்றரும் பூமியின் ஆரையில் ஏறத்தாழ அதே பங்குதான். ஆகவே 300ஐ 0.048ஆல் வகுத்தால் 6,250. பூமியின் சராசரி ஆரை 6,371 கிலோமீற்றர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தில் எரற்ரோதெனிஸ் பயன்படுத்திய அதே வழி, ஒரு கைப்பேசி அழைப்போடு.

கவனிக்க வேண்டியவை சில. கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குநூலால் பாருங்கள், தரை மட்டமா என்று ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரைச் சென்ரிமீற்றர் பிசகினால் ஆரை அறுநூறு, எழுநூறு கிலோமீற்றர் ஆடிவிடும். நிழலின் நுனி கூர்மையாக இருக்காது, ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மங்கலாகத் தெரியும். சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரைப் பாகை அகலம் கொண்ட வட்டம், அதனால்தான். மங்கலின் நடுவை அளக்கச் சொல்லுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி போட்டும்கூட. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஏப்ரலில் முகில் மூடிவிட்டால் செப்ரெம்பர் 5, 6ஐ ஒட்டி இன்னொரு தரம் கிடைக்கும். அப்போது கொழும்பில் நேரம் 12.09 அளவில் இருக்கும்.